மட்டித் தராசில் ஏறிய விமானம்

இங்கிலாந்துக் கடற்கரை ஊரான எங்கள் சவுத்எண்டில் விமானக் கம்பெனி பிறந்தபோது அதன் சொத்து எட்டுப் பயணிகள் உட்காரும் ஒரே ஒரு விமானம். சின்ன விமானம், ஏற்றும் எடைக்கு வரம்பு உண்டு; ஆட்களை நிறுக்கத் தராசுகூட இரவல்தான். கடற்கரையில் மட்டிச் சிப்பி விற்கும் கொட்டகையில் மூட்டை நிறுப்பது. தராசோடு கூடவே வந்து சேர்ந்தவள் என் அண்ணி ஐவி. இருபது வருடம் மட்டி நிறுத்தவள், மூட்டையைப் பார்த்தே எடை சொல்வாள். அரை ராத்தல், அதாவது கால் கிலோகூடப் பிசகாது.

முதலாளியும் விமானியும் ஒருவரே, கேப்டன் லோவல். "எடை மிச்சமிருந்தா முதல் பயணத்துல எட்டாவது சீட்டு உங்களுக்குத்தான் ஐவி" என்று வாக்குக் கொடுத்திருந்தார். போகிற இடம் கடலுக்கு அந்தப் பக்கம், பெல்ஜியம். அண்ணிக்கு ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை.

அன்று ஆறு பயணிகள் முனகிக்கொண்டே தராசில் ஏறி இறங்கினார்கள். ஏழாவது ஆள் கவுன்சிலரின் மனைவி திருமதி ஹார்கிரீவ். அந்த அம்மாள் ஏற மறுத்துவிட்டாள்.

"நான் என்ன உருளைக்கிழங்கா? நூத்தி இருபத்தாறு ராத்தல்னு எழுதிக்கோ."

அப்படியே எழுதினால் அண்ணிக்கு இடம் உண்டு. உண்மையை எழுதினால் இல்லை, அண்ணியும் ஒன்றும் கொடியிடைக்காரி அல்ல. "பேசாம எழுதுங்க அண்ணி" என்று பயணிகளின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த நான் முணுமுணுத்தேன்.

அண்ணி அந்த அம்மாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்தொண்ணு. கோட்டைக் கழட்டினா நாலு குறையும்."

"ரொம்பச் சரி" என்று வழியனுப்ப வந்த கவுன்சிலர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். திருமதி ஹார்கிரீவ் முகம் வேகவைத்த நண்டாகிவிட்டது. "நான் எங்கயும் வரலை. இவளே போகட்டும்" என்று காரில் ஏறிக் கதவை அறைந்தாள். கவுன்சிலர் பின்னாலேயே ஓடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஒரு பெட்டியைக் காலிலேயே போட்டுக்கொண்டேன்.

லோவல் பென்சிலை எடுத்தார். "இப்ப உங்க எடை, ஐவி?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணிக்குக் காது மடல் சிவந்தது.

மனிதர் நல்லவர். குரலைத் தாழ்த்தி, "நூத்தி அறுபதுன்னு போட்டுக்கட்டுமா?" என்றார்.

"நூத்தித் தொண்ணூத்தாறு" என்றாள் அண்ணி, ஓடுபாதைக் கடைசிவரை கேட்கும்படி. "இன்னைக்கு நான் பறக்கப்போறேன் கேப்டன். உள்ளதை எழுதுங்க."