பத்தொன்பதாவது சொல்

1938 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழும்பி சுபஹு தொழுதேன். ஐந்தரைக்குப் பிளேன்டி, பாண் மூன்று துண்டு, சம்பல். பேனாவுக்கு மை விட்டேன். ஆறு ஐந்துக்கு வீட்டை விட்டிறங்கி, ஆறு இருபத்திரண்டுக்கு உப்புக் கிட்டங்கியில் இருந்தேன். காற்று தென்மேற்கு.

டயறியில் இதுவரை கையெழுத்து நேராக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வரிகளில் மை சிந்தியிருக்கிறது. சிரித்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான்.

புத்தளத்தில் உப்பைச் சேர்த்துவைக்கும் அந்தக் கிட்டங்கியில் நான் கிளாக்கர். உப்பு நிறுக்கும் இடத்துக் கங்காணி என் மனைவியின் அண்ணன்; அவளுக்கு நானா, எனக்கு மச்சான். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் நூற்றுப் பன்னிரண்டு றாத்தல் கொண்ட ஒரு அந்தரா, கால் அந்தர் குறைவா என்று சொல்லிவிடுவார். கிட்டங்கிப் பொறுப்பாளர் பென்சனில் போனபின் அந்த இடம் மச்சானுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை மட்டும் வேறு விதமாக நினைத்தார்.

"இங்கிலீசில் நிறையைக் கேட்டால் விளங்கிக்கொள்கிற ஆள் வேண்டும். ஒன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை வந்து கேட்பேன். தெரியாவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் எடுப்பேன்" என்றார். பன்னிரண்டு நாள் தவணை.

படிப்பிக்கிற வேலை என்னிடம் வந்தது. நான் எதையும் ஒழுங்கில்லாமல் செய்யமாட்டேன். நிறை, எட்டு, உயரம், கப்பற் கூலி என்று கிட்டங்கிக்கு வேண்டிய இங்கிலீசுச் சொற்களில் ஜீ, எச், ரீ மூன்றும் சேர்ந்து வருவதைக் கவனித்தேன். இதில் ஜீயும் எச்சும் காலையில் வந்து பெயர் பதிந்துவிட்டு, நாள் முழுக்க வாய் திறக்காமல் நிற்கிற ஆட்கள். அந்த மூன்று எழுத்தும் உள்ள பத்தொன்பது சொற்களைத் தேடி எடுத்து, ஏ, பீ, சீ வரிசையில் அடுக்கி, எதிரே அர்த்தமும் எழுதினேன். முதலாவது 'போட்', வாங்கினேன். நாலாவது 'டோட்டர்', மகள். கடைசியாக வந்தது 'வெயிட்', நிறை. துரை கேட்கப்போகிற ஒரே சொல் அதுதான். அதற்காக வரிசையைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை.

மச்சான் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் படித்தார். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதிப் பழகிய மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி, ராகத்தோடு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் எங்கள் வீட்டில் அது கேட்டது. ஐந்தாம் நாளே பத்தொன்பதும் பாடம். ஆனால் இடையில் யாராவது இருமினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

என் மனைவி குசினியிலிருந்து கேட்டாள். "நானா, வெயிட் எண்டா என்ன? அத மட்டும் செல்லுங்க பாப்பம்."

"போட், வாங்கினேன். பிரைட், பிரகாசம்..."

"அது கடைசில ஈக்கி. அங்க ஈந்து செல்லுங்களேன்."

"நடுவுல ஈந்து யாரும் ஓதுவாங்களா? நீ அடுப்பப் பாரு!"

செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்குத் துரை வந்தார். தராசில் ஒரு மூட்டை ஏறியது. துரை அதைக் காட்டி, "வெயிட்?" என்றார்.

மச்சான் கண்ணை மூடினார்.

"போட், வாங்கினேன். பிரைட், பிரகாசம். கோட், பிடித்தேன்..."

"என்ன இது?" என்றார் துரை, இங்கிலீசில். மச்சான் முதலுக்குப் போனார். 'பைட்', சண்டை என்ற இடம்வரை வந்தபோது துரை தொண்டையைச் செருமினார். மச்சான் மறுபடி முதலுக்குப் போனார்.

மூன்றாம் முறை துரை சுற்றிலும் பார்த்தார். பழகிய ராகம் காதில் விழுந்ததும், மூட்டை தூக்குகிறவர்கள் சுமையை இறக்கி, தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றார்கள். துரையும் மெதுவாகத் தன் தொப்பியைக் கழற்றினார். தன்னுடைய பாஷையில் பத்தொன்பது சொற்களைத் தலை குனிந்து கேட்டார். ஒன்றுகூட அவருக்குப் பிடிபடவில்லை.

"டைட், இறுக்கம். வெயிட், நிறை!"

பின்னாலிருந்து ஒரு குரல் "ஆமீன்" என்றது.

மச்சான் கண்ணைத் திறந்து மூட்டையைப் பார்த்தார். "வெயிட் வன் அந்தர், சேர்." துரை குனிந்து தராசைப் பார்த்தார். ஒரு அந்தர்தான், மயிரிழை பிசகவில்லை.

துரை என்னை ஓரமாக அழைத்தார். "அவர் என்ன சொன்னார்?"

"நிறை சரியாக வருவதற்காகச் சொன்னார், சேர்" என்றேன். இந்த வசனத்தின் கீழ் டயறியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதில் பொய் எங்கே?

துரை தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். தராசைத் தொடுமுன் தொழுகிற ஆளை இந்தத் தீவில் இன்றுதான் கண்டாராம். இப்படிப்பட்டவரிடம் கிட்டங்கியை நம்பிக் கொடுக்கலாமாம். இடம் மச்சானுக்கே. ஒரே ஒரு நிபந்தனை: தினமும் காலையில் முதல் மூட்டை ஏறுமுன் இதை ஒரு சொல்லும் குறையாமல் சொல்லவேண்டும்.

பின்னேரம் வீட்டில் என் மனைவி சிரித்து ஓய்ந்தபாடில்லை. "அப்ப இனி மகளும் சண்டையும் இல்லாம புத்தளத்துல உப்பு நிறுக்கேலாது!"

மச்சான் என்மேல் பாய்ந்தார். "எல்லாம் உங்கட வரிசையால வந்தது, மச்சான். வெயிட்ட முதல்ல வெச்சீந்தா ஒரு சொல்லோட முடிஞ்சீக்கும்."

"ஒரு சொல்லோட முடிஞ்சீந்தா துரை தொப்பியக் கழட்டீக்க மாட்டாரு."

நான் இரக்கப்பட்டு, வெயிட்டை முதலில் வைத்துப் புதுப் பட்டியல் எழுதித் தருகிறேன் என்று கடதாசியை எடுத்தேன். மச்சான் அதைப் பறித்துக்கொண்டார்.

"வாணாம். பாடமாக்கினது பாடமாக்கினதுதான்."

புதன்கிழமை காலை ஆறரைக்கு, கிட்டங்கிக் கதவு திறந்ததும் முதல் வேலையாக ஆட்கள் தலையில் துண்டைக் கட்டினார்கள். எதிரே தன் பங்களா வராந்தாவில் துரை தொப்பியைக் கையில் எடுத்தார். நான் பேனாவை மூடினேன். புதுப் பொறுப்பாளர் கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஆடி, "போட், வாங்கினேன்" என்று தொடங்கினார்.