பொணக் கதை படிக்கிறவள்

காதல் கதை என்றால் அறிவுமதிக்கு நாலு பக்கத்துக்கு மேல் ஓடாது. கொட்டாவி வந்துவிடும். ஆனால் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களில் பாதிப் பேர் போனில் படிக்கிற காதல் தொடர்களை எழுதுவது அவள்தான். 'வெண்முகில்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் வயரிங் லைனில் தலை நிமிராமல் டேப் சுற்றுகிற, பத்தாவதோடு நின்றுபோன அறிவுமதிதான் அந்த வெண்முகில் என்று ஒருத்திக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவள் படிப்பது கொலைக் கதை. வாலாஜாபாத் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த துப்பறியும் நாவல்களைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். பேய்க் கதை பிடிக்காது. பேய் மேல் பழியைப் போட்டுவிட்டு மனுஷன் தப்பித்துவிடுகிறான். குடும்பக் கதையும் பிடிக்காது. கடைசியில் எல்லாரும் எல்லாரையும் மன்னித்துவிடுகிறார்கள். கொலைக் கதையில்தான் ஒருத்தி மேல் கை வைத்தால் கேட்க ஆள் உண்டு. அவள் கழுத்தில் இருக்கிற தடத்தைப் பார்த்து, "இது எப்படி வந்தது?" என்று எவனாவது ஒருவன் வந்து கேட்டே தீருவான். அந்தக் கேள்விக்காகத்தான் அறிவுமதி படித்தாள். அவள் வளர்ந்த வீட்டில் அம்மாவின் கன்னத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

எழுத வந்த புதிதில் அவளுடைய நாயகன் சாதுவாக இருந்தான். நாயகிக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொடுத்தான். சீந்துவாரில்லை. ஒருநாள் எரிச்சலில், ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டே, அவன் அவளை ஓங்கி அறைந்ததாக எழுதிப் போட்டாள். கூடவே ஒரு வரி: 'அடி வாங்கிய கன்னத்தைவிட அடித்த கைதான் அதிகம் நடுங்கியது.' அன்றைக்குக் கமெண்ட் கொட்டியது. 'செம ஹீரோக்கா.' 'இப்படி ஒருத்தன் கிடைக்கணும்.' 'அடுத்த யூடி எப்போ?' யூடி என்றால் அடுத்த அத்தியாயம். அதற்கப்புறம் அவளுடைய நாயகர்கள் எல்லாருமே அறைந்தார்கள். அறைந்துவிட்டு நடுங்கினார்கள்.

அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜெர்சி, செய்யூர் பக்கத்துப் பெண். வெண்முகில் என்றால் அவளுக்கு உயிர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டே படிப்பாள்.

"கேளு மதிக்கா, இன்னாமா எழுதிக்கீறாங்க பாரு! நீயும் கீறியே, எப்பப் பாரு பொணக் கதை. உன்னக் கட்டிக்கிறவன் நீ குடுக்கிற காப்பியக் கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பான்."

"மோந்து பாக்கட்டும்," என்பாள் அறிவுமதி. தன் வரிகளை இன்னொருத்தி குரலில் கேட்கிற சுகத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஜெர்சிக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை டெனிசன், குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் பங்குக் கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கப்போகிறார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்த ஜெர்சியின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"இன்னாடி இது?"

"டெனிதான். பஸ் டிரைவரண்ட சிரிச்சுப் பேசினேன்னு." அவள் முகத்தில் வெட்கம்கூட இருந்தது. "அவ்ளோ பொசசிவ்க்கா. வெண்முகில் எழுதினாப்பலயே. அடிச்ச கைதான் அதிகம் நடுங்கும்னு."

அறிவுமதி கேட்டாள்: "அவன் கை நடுங்குச்சா?"

ஜெர்சி கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. உள்ளுக்குள்ள நடுங்கிருக்கும்."

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த வழியில் சொன்னாள். மறுநாள் போட்ட யூடியில், அறை வாங்கிய நாயகி துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு கிளம்பினாள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு அவள் கன்னத்தைப் பார்த்து, "இது எப்படி வந்தது?" என்று கேட்டாள். எழுதும்போது அறிவுமதிக்கே கண் கலங்கியது. தான் எழுதியதில் தனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். 'எங்க ஹீரோவை ஏன்க்கா அசிங்கப்படுத்துறீங்க?' 'இனிமே உங்க கதை வேணாம்.' ஜெர்சி போனைக் கட்டிலில் வீசினாள்.

"இது வெண்முகில் எழுதினதே இல்ல. எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ உள்ள பூந்து எழுதிக்கீறா."

"நான்தான்டி எழுதினேன்," என்றாள் அறிவுமதி. "எல்லாத்தயும் நான்தான் எழுதினேன்."

ஜெர்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அறிவுமதி போனைத் திறந்து, எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்தைக் காட்டினாள். சிரிப்பு நின்றது.

"அப்ப பஸ்ல என்னப் படிக்கவுட்டு வேடிக்க பாத்துகினு இருந்தியா?"

"இல்லடி. அதுல வர்றது எதுவும் நெசமில்ல. எனக்கே புடிக்காது. நான் படிக்கிறதுகூட இல்ல. அடிக்கிறவன் அடிச்சுகினுதான் இருப்பான். அவன் வேணாம் ஜெர்சி."

"புடிக்காதத எதுக்கு எழுதின?"

"எல்லாரும் படிச்சாங்க. அதான்..."

"ஊருக்கெல்லாம் எழுதறப்ப நெசம், எனக்கு ஒருத்தன் வந்தா மட்டும் பொய்யா?" ஜெர்சி தலையணையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். "பொணக் கதை படிச்சுப் படிச்சு உன் மனசும் அப்பிடியே ஆயிடுச்சு." அன்றைக்கே பக்கத்துத் தெருவில் வேறு பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அறிவுமதி அந்தக் கோயிலுக்குப் போனாள். கடைசி வரிசையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் டெனிசனின் அம்மா பக்கத்தில் ஜெர்சி. கன்னத்தில் வீக்கம் வடிந்து, பவுடருக்கு அடியில் லேசாகப் பச்சை தெரிந்தது. பூசை முடிவில் பாதர் இரண்டு பேருடைய பெயரையும் பெற்றோர் பெயரையும் வாசித்தார். பிறகு சொன்னார்: "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்."

அறிவுமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் புத்தகத்தில் தேடிய கேள்வியே மைக்கில் சத்தமாக வந்ததுபோல இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் மெல்லக் கேட்டாள்: "தடைன்னா இன்னாம்மா?"

"முன்னாடியே கல்யாணம் ஆயிருந்தா, ரத்த சொந்தமா இருந்தா. அதாம்மா."

"அடிச்சா?"

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அது தடையில கணக்கில்லம்மா."

அறிவுமதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பையில் போன் அதிர்ந்தது. 'அக்கா, ஹீரோயின் ஹீரோகிட்ட திரும்பிப் போவாளா? யூடி ப்ளீஸ்.'