விறகுக்கட்டை என்று நான் திட்டிய துப்பாக்கி

மணமேல்குடியில் இறங்கி ஐஸ் வண்டி ஜெய்னுலாப்தீன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். மீன் கூடை சுமந்தேன், சைக்கிளில் கட்டி விற்றேன், ஐஸ் வண்டி வாங்கினேன். இன்றைக்குக் கரையில் என் குரல் கேட்ட பிறகுதான் ஏலம் சூடு பிடிக்கிறது. யாரும் என்னைக் கை தூக்கி விடவில்லை. ஆனால் இது என் கதை இல்லை. என் கதைக்கு இந்தத் தாள் போதாது. இது என் மருமகள் சாமியாவின் கதை.

சாமியா தையல்காரி. என் மகன் அஜ்மல் குவைத்தில் இருக்கிறான். அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டு, ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைக்கிறாள். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது துப்பாக்கி சுட்டுப் பரிசு வாங்கியவள். பெண் பார்க்கப் போனபோது அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனைவி ரம்லத் பீவி வாசலோடு திரும்பியிருப்பாள்.

பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஒருநாள் வந்து சொன்னாள்: "மாமா, புதுக்கோட்டையில ரைபிள் கிளப்புல சேந்துட்டேன். ஞாயித்துக்கிழம போய்ட்டு வாரேன்."

"என்னத்தச் சுடப் போறியாம்?" என்றாள் ரம்லத் பீவி.

"அட்டைய மாமி."

"அட்டையச் சுட அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்! ஒங்க மாமா குடோன்ல எம்புட்டு அட்டப்பெட்டி கெடக்கு."

சாமியா சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டாள். அவள் அப்படித்தான். சண்டை போடமாட்டாள், நிறுத்தவும் மாட்டாள்.

அந்த விளையாட்டை நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கிற அட்டையைச் சுடவேண்டும். அதன் நடுப்புள்ளி சட்டைப் பொத்தான் அளவுதான். பாயிண்ட் டூ டூ என்கிறார்கள். பொடித் தோட்டா. அதன் அடி விளிம்பில் ஊசி தட்டினால் மருந்து பற்றிக்கொள்ளும். சத்தம் காய்ந்த மட்டை ஒடிகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

போன வருடம் மாநிலப் போட்டியில், மேல் போட்டிக்குப் போகத் தேவையான மார்க்கை மயிரிழையில் விட்டுவிட்டாள். கிளப்பின் துப்பாக்கி பொதுச் சொத்து. தோளில் வைக்கிற மரக்கட்டை நீளம். உயரமான ஆம்பிளைகளுக்குச் செய்தது. தோளுக்கும் விசைக்கும் நடுவில் அவள் கை இழுபட்டே கிடக்கும்.

"இந்த வருசம் எனக்கு அளவான துப்பாக்கியோட போறேன் மாமா. அந்த மார்க்கைத் தாண்டுறேன். தாண்டலைன்னா தையக்கடையோட இருந்துக்கிறேன்" என்றாள்.

லைசென்சுக்கு எழுதிப் போட்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "மீன் பிடிக்கிற ஊர்ல துப்பாக்கி எதுக்கும்மா?" என்று கேட்டார். "மெடல் பிடிக்க சார்" என்றாள். கிடைத்தது. அஜ்மல் பணம் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம், தையல் காசுக்குள் வாங்குவேன் என்றுவிட்டாள். ஆகவே ஜெர்மன்காரன் புதிதாகச் செய்து அனுப்புகிற உசத்தியான சாமான் நமக்கில்லை. மலிவாகவும் இருக்கவேண்டும், பொத்தானையும் துளைக்கவேண்டும்.

முதலில் திருச்சியில் ஒரு கடைக்குப் போனோம். நாற்பது வருடமாகச் சரக்குப் பார்த்துப் பார்த்து வாங்கியவன், நான் இல்லாமல் போகலாமா? உள்ளே நுழைந்ததுமே ஒன்றைக் கண்டுபிடித்தேன். கட்டையில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பாலிஷ். "ரொம்ப நல்லாருக்குங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

சாமியா அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "சார், படுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கடைத் தரையிலேயே குப்புறப் படுத்தாள். எழுந்து பையிலிருந்து டேப்பை எடுத்து, விசையிலிருந்து கட்டையின் நுனி வரை அளந்தாள்.

"இது ஆறடி ஆளுக்குத் தச்ச சட்ட மாமா. நான் கைய மடிச்சு விட்டுத்தான் போட்டுக்கணும்."

"பார்வைக்கு இதவிட நல்ல பீஸ் கெடைக்காதும்மா" என்றார் கடைக்காரர்.

"என்னயப் பாக்கப் போறது அட்டைதான சார்? அது பாலிஷப் பாக்காது. சுட்டுப் பாத்து வாங்கலாமா?"

அது முடியாது என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்து தங்கமுத்து. புதுக்கோட்டையில் ரைஸ்மில் வைத்திருந்தவர், ஒரு காலத்தில் மெடல்களாக வாங்கிக் குவித்தவர். தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனதால் தன் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். கிளப் மைதானத்துக்கே கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குழாய் வெளிநாடு, ஆனால் மரம் மஞ்சளும் பழுப்புமாய், உளி பட்ட தடத்தோடு இருந்தது. ஒரு விரிசலில் எம்-சீல் வேறு அப்பியிருந்தது.

சாமியா கட்டையின் பின்னால் நீளத்துக்காகச் சேர்த்திருந்த மரத்துண்டுகளைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். படுத்தவள் அப்படியே அடங்கிப்போனாள். தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி அது அவள் தோளில் உட்கார்ந்துகொண்டது. கிளப்பிலிருந்து வகைக்கு ஒரு பெட்டியாகத் தோட்டா வாங்கி வைத்திருந்தாள்.

"எதுக்கு இத்தன தினுசு?" என்றேன்.

"ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு தோட்டாவத்தான் ஒத்துக்கும் மாமா. எது சேருதுன்னு சுட்டாத்தான் தெரியும்."

முதல் பெட்டிக்கு அட்டையில் ஓட்டைகள் கொசுக்கடி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் விழுந்தன. இரண்டாவது அதைவிட மோசம். அவள் முகம் சுளிக்கவில்லை. அடுத்த பெட்டியைப் பிரித்தாள். அது விலை குறைந்த ரகம். ஐந்து தோட்டா, ஒரே ஓட்டை. ஒரு பொத்தானை எடுத்து அதன்மேல் வைத்தாள், மூடிக்கொண்டது.

அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்ததே, அதைப் பார்த்துப் பதறிவிட்டேன். கரையில் வாங்குகிறவன் கண்ணில் அது தெரிந்தால் போச்சு, விலை ஏறிவிடும். குறுக்கே பாய்ந்தேன்.

"என்னங்க இது, துப்பாக்கியா, விறகுக்கட்டையா? அடுப்புல வச்சாக்கூடப் புகையுமே! இத எவன் செதுக்குனான், கண்ணக் கட்டிக்கிட்டுச் செதுக்குனானா?"

தங்கமுத்து துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். பெட்டியில் வைத்துப் பூட்டினார். "நீங்க வேற எடம் பாத்துக்கங்க பாய்" என்றார்.

சபாஷ், இவரும் பேரம் தெரிந்தவர்தான் என்று நினைத்து, சாமியாவை இழுத்துக்கொண்டு கேட்டை நோக்கி மெதுவாக நடந்தேன். கரையில் நடக்க ஆரம்பித்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கேட் வந்தது. ரோடு வந்தது. பஸ்ஸும் வந்தது. அவர் கூப்பிடவே இல்லை.

பஸ் அறந்தாங்கியைத் தாண்டியதும் சாமியா சொன்னாள்: "அந்த மரத்த அவரே செதுக்குனதாம் மாமா. பழைய கட்ட ஒடஞ்சு போச்சுன்னு, ஆலங்குடித் தோட்டத்துல அவங்க ஐயா வச்ச பலாமரத்துல."

"எனக்கு எப்பிடித் தெரியும்? வெலையக் கொறைக்கத்தான சொன்னேன்?"

"எனக்குத் தெரியும் மாமா. அவருக்குத் தெரியாதுல்ல? எனக்கு அந்தத் துப்பாக்கிதான். வேற பாக்கப் போறதில்ல" என்றாள்.

என் வியாபார முறையில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். அது கரைக்காரனுக்குப் புரியும், ரைஸ்மில்காரருக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு அவள் தனியாகப் போய் அவரிடமே பேசினாள். வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், எங்க ஊர்ல பிடிச்சிருந்தாத்தான் திட்டுவாங்க. பிடிக்காததப் பாத்தா நல்லாருக்குன்னு சொல்லிட்டு நகந்துருவாங்க."

"வேற எங்கயும் பாத்தீங்களா? அங்க ஒங்க மாமா என்ன சொன்னாரு?"

"திருச்சிக் கடையில ரொம்ப நல்லாருக்குன்னாரு."

(அந்தத் துப்பாக்கி எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. போகட்டும்.)

அவர் நம்பவில்லை. "பேச்சுக்குச் சொல்ற" என்றிருக்கிறார். சாமியா விடவில்லை. "ஒருநா காலையில கரைக்கு வந்து பாருங்க சார். நான் சொன்னது பொய்யின்னா துப்பாக்கிய மறந்துர்றேன்."

மனுஷன் வந்தார். பக்கத்துக் கோட்டைப்பட்டினம் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். சத்தியமாக நான் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு கொடுவா வந்திருந்தது. அப்படி ஒரு மீனைப் பார்த்து நாளாயிற்று. வழக்கம்போலக் கிட்டே போனேன்.

"ஏய் செபமாலை, இது கொடுவாயா, நனஞ்ச தலகாணியா? செவுளப் பாரு, வெத்தல போட்டுத் துப்புன மாதிரி! இதத் தின்னா ஆஸ்பத்திரிக்கு எவன் போறது?"

ஏலம் விடுகிற செபமாலை துள்ளிக் குதித்தான். "பாய் திட்ட ஆரம்பிச்சுட்டாரு, ஏத்துங்கப்பா வெலைய!"

கரையே சிரித்தது. மேல் விலைக்கு நானே எடுத்தேன். பின்னால் ஒரு சிரிப்பு மட்டும் அடங்காமல் கேட்டது. திரும்பினால் தங்கமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பாய், எந் துப்பாக்கிய நீங்க எம்புட்டு ஒசத்தியா நெனச்சீங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"அதான சொன்னேன்" என்றேன். கொடுவாயில் பாதியை ஐஸ் போட்டு அவர் வண்டியில் ஏற்றினேன். துப்பாக்கி விலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மாமா, நீங்க இப்ப வாயே தொறக்கக்கூடாது" என்று சாமியா குறுக்கே விழுந்தாள். அவர் சொன்னதுக்குச் சரி என்றாள். அது தையல் காசுக்குள் அடங்கியது.

கலெக்டர் ஆபீஸ் வேலையெல்லாம் முடிந்து அவள் பெயருக்கு வந்தது. கன்னம் படுகிற இடத்துக்கு மெத்தென்று ஒரு உறை தைத்துப் போட்டாள். ஒத்துக்கொண்ட அந்த மலிவு ரகத் தோட்டாவையே கிளப் மூலம் சேர்த்து வாங்கினாள். ஞாயிறு தவறவில்லை.

மாநிலப் போட்டிக்கு நானும் போனேன், தங்கமுத்துவும் வந்தார். வரிசையாகப் படுத்திருந்தவர்கள் கையில் அலுமினியம் என்ன, நீலமும் சிவப்புமாய்ப் பெயிண்ட் என்ன! நடுவில் எங்கள் பலாமரம். ஆரம்பத்தில் இரண்டு தோட்டா ஓரம் போனது. காற்று பார்க்கக் கட்டியிருந்த கொடி படபடத்தது. மற்றவர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக் கொடியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "சுடேம்மா" என்று கத்தப் போனவனைத் தங்கமுத்து தொடையைப் பிடித்து அழுத்தினார். கொடி தொங்கியதும் தோளில் ஏற்றினாள். பிறகு நிறுத்தவில்லை.

அந்த மார்க்கைத் தாண்டினாள். மயிரிழையில் இல்லை, நன்றாகவே தாண்டினாள்.

கடைசி அட்டையைக் கையில் பிடித்தபடி வந்தாள். நடுவில் பொத்தான் அளவு ஒரு கிழிசல். வாய் நிறையப் பாராட்டியிருக்கலாம். ஆனாலும் நான் ஜெய்னுலாப்தீன்.

"இதெல்லாம் ஒரு சுடுறதா? அட்டையில ஒரே ஓட்டதான் இருக்கு. மிச்சத் தோட்டாவெல்லாம் எங்கம்மா தொலச்ச?"

சாமியா தங்கமுத்துவைப் பார்த்தாள். "சார், மாமா திட்டுறாரு."

"அப்ப ஏத்துங்கப்பா வெலைய!" என்று அந்த ரைஸ்மில்காரர் மைதானம் அதிரக் கத்தினார்.