பொட்டுக்குப் பின்னால் இருந்த கப்பல்

அருப்புக்கோட்டையில் கப்பல் படம் சேர்க்கிற ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். குடிதண்ணீர் எப்போது வரும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊரில் இது என்ன கிறுக்கு என்று என் மனைவியே கேட்பாள். அதிலும் எல்லாக் கப்பலும் இல்லை. பர்மாவில் ஐராவதி ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்கள் மட்டும். இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் சுற்றி, அதன் பலகைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகுமே, அந்தச் சக்கரக் கப்பல்கள். இந்தக் கரிசல் காட்டிலிருந்து பிழைக்கப் போன பலர் அவற்றில் கரி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பயணச் சீட்டு, பித்தளைப் பொத்தான், விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு, போட்டோ என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கி ஒரு பீரோ நிறைய வைத்திருக்கிறேன். தபால் ஆபீசில் முத்திரை குத்தியே ரிட்டையர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை?

போன ஆடி மாதத்திலிருந்து அந்த பீரோவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். அவர் வீட்டில் ஒரு கப்பல் படம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு மாதம் அங்கேயே இட்லி தின்று பழக்கம் பிடித்தேன். கடைசியில் ஒருநாள் கடைக்குப் பின்னால் வீட்டுக்குள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சாமி படங்களுக்கு நடுவில், தடித்த அட்டையில் ஒட்டிய போட்டோ. கப்பல் சக்கரத்தை மூடியிருக்கும் பெரிய மரக்கூண்டு; அதற்கு முன்னால் வரிசையாக எட்டுப் பேர், இடுப்பில் வேட்டி, உடம்பெல்லாம் கரி. மூன்றாவது ஆளுக்கு மட்டும் முகம் தெரியவில்லை. அந்த இடத்தில் பழைய நாலணாக் காசு அகலத்துக்குக் கெட்டியாக ஒரு பொட்டு.

"எங்க வீட்டுக்காரரோட பூட்டன் சார். பர்மாவுக்குப் போனவுக திரும்பவே இல்ல. செத்த நாளும் தெரியாது. அதான் ஆடி அமாவாசைக்கு எலை போட்டுக் கும்பிடுறோம். கண்ணாடி எந்தக் காலத்துலயோ ஒடஞ்சிருச்சு. பொட்டைப் படத்துலயே வச்சு வச்சு மொகம் மூடிருச்சு. எங்க மாமியாளே அந்த மொகத்தைப் பாத்ததில்லையாம்."

மூன்று நாள் கொடுத்தால் நல்ல கேமராவில் படம் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர் யோசித்தார். நான் விடவில்லை. பேப்பரில் சுற்றிக் கொடுக்கும்போது, "அமாவாசைக்கு முந்துன நாளு கண்டிப்பாக் கொண்டாந்துருங்க சார். எங்களுக்கு இதை விட்டா அவுக இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்ததும் எனக்குப் பித்துப் பிடித்தது. மரக்கூண்டில் கப்பலின் பெயர் எழுதியிருந்தது. மூன்றாவது ஆளின் தலைக்கு மேலேயும் ஏறியிருந்த பொட்டு அந்தப் பெயரின் நடுப்பாதியை மறைத்திருந்தது. பெயர் தெரியாத கப்பல் படம் எனக்கு விலாசம் இல்லாத கடிதம். யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மெதுவாக ஒற்றினேன். குங்குமம் கரைந்து வந்தது. ஓர் எழுத்து தெரிந்தது, அப்புறம் இன்னொன்று. வாய்விட்டுப் படித்தேன். கடைசி எழுத்தில் கொஞ்சம் கறை மிச்சமிருந்தது. அதற்காக இன்னும் ஒரு தரம், கொஞ்சம் அழுத்தி.

பஞ்சோடு போட்டோவின் மேல்தோலும் உரிந்து வந்துவிட்டது. மூன்றாவது ஆளுக்குக் கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைக் காகிதம்.

பட்டப்பகலில் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பஞ்சைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. அதில்தானே அவர் இருந்தார். ஒரு மாத்திரை டப்பாவில் வைத்து மூடினேன். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினால் வார்த்தை வரவில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. பாளையம்பட்டி என்று யாராவது சொன்னாலே வியர்த்தது. இரண்டாம் நாள் என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "போயி உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. என்ன, கொன்னா போட்ருவாக?" என்றாள். கொல்ல மாட்டார்கள்தான். அந்த அம்மா என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்துத்தான் எனக்கு உதறல்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு யோசனை வந்தது. முகத்தை மூடியிருந்தது பொட்டு. முகம் இல்லாததையும் பொட்டே மூடிவிடாதா? புத்தி எப்படிப் போகிறது பாருங்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பம். பொட்டு வைத்தே எனக்குப் பழக்கமில்லை. சபை ஆட்கள் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பஜாரில் ஒரு பாக்கெட் குங்குமம் வாங்கினேன். ஒரு விரலில் தொட்டு வெள்ளை இடத்தில் வைத்து அமுக்கினேன். முன்பு இருந்ததைப் போலவேதான் இருந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

டவுன் பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பஸ் தூக்கிப் போட்டது. கண்டக்டர் கேட்டதற்கு ஊர்ப் பெயரைச் சொல்லாமல் சில்லறையை மட்டும் நீட்டினேன்.

அந்த அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பேப்பரைப் பிரித்தார். மடிப்பிலிருந்து சிவப்பாகத் தூள் கொட்டியது. படத்தில் ஒரு பொட்டுக் குங்குமம்கூட நிற்கவில்லை. வெள்ளை வட்டம் மட்டும் தெரிந்தது.

"சந்தனம் வைக்கலையா சார்?" என்றார் முதலில். "சந்தனத்தைக் கொழைச்சு வச்சு, அதுக்கு மேல வச்சாத்தானே குங்குமம் நிக்கும்." சொன்ன பிறகுதான் நான் எதற்குப் பொட்டு வைத்தேன் என்று அவருக்கு உறைத்தது. படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஞ்சு, தண்ணீர், பஜார் குங்குமம், ஒன்று விடாமல். மாத்திரை டப்பாவையும் எடுத்து மேஜையில் வைத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் டப்பாவைத் திறந்து, காய்ந்த பஞ்சைப் பார்த்து, மறுபடி மூடினார்.

"அப்ப பொட்டு கரைஞ்சப்ப மொகம் தெரிஞ்சிருக்கும்ல சார்?"

"தெரிஞ்சிருக்கும்மா."

"எம் மகளுக்கு இந்த வீட்டுல யாருக்கும் இல்லாத மூக்கு. அது பர்மாவுக்குப் போனவுக மூக்குன்னு எங்க மாமியா சொல்லிக்கிட்டே இருக்கும், பாக்காமலே. இப்ப பாத்தது நீங்க ஒருத்தருதான். எப்படி சார் இருந்துச்சு? மூக்கு கூர்ப்பா? மீசை வச்சிருந்தாகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். கூர்ப்பான மூக்கு, முறுக்கு மீசை என்றால் அந்த அம்மா கும்பிட்டிருப்பார். ஆனால் எவ்வளவு யோசித்தும் என் கண்ணில் ஒரு முகமும் வரவில்லை. பஞ்சை எடுத்து, பெயரைப் படித்து, மறுபடி ஒற்றும் வரைக்கும் அரை நிமிஷமாவது அந்த முகம் என் லென்ஸுக்கு அடியில் ஈரமாக, தெளிவாக இருந்திருக்கும். நான் பார்த்தது அதற்கு மேலே இருந்த எழுத்துகளை.

"பாக்கலம்மா," என்றேன். "நான் கப்பல் பேரைப் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். மூன்று நாளாக நான் பயந்துகொண்டிருந்த பார்வை அதுதான்.

"அவுக மொகம் தெரிஞ்ச நேரம் பூராம் கப்பலையா சார் பாத்தீக?"