மே/பா றெஜினா ஸ்ரோர்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் பெயருக்கே ஒரு தந்தி வந்தது. இருபத்திரண்டு வருடத் தபால் உத்தியோகத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் தந்தியை நீட்டிவிட்டு, உள்ளே அழுகை தொடங்குவதற்குள் சைக்கிளில் ஏறிவிடுகிறவன் நான். எனக்கு வந்ததைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மன்னாரிலிருந்து றெஜினா அக்காவின் தங்கை அனுப்பியிருந்தார். அக்கா காலமாகிவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்று இரண்டே வரி. தந்தி இரண்டு நாள் பிந்தி வந்திருந்தது. அதற்கு நான் யாரிடம் போய் முறையிடுவது? பிந்தியது என்னுடைய இலாகாதான்.

பத்து வருடம் நெளுக்குளத்தில் கடை வைத்திருந்த அக்காவைப் பற்றி, அவர் பூசைக்குப் போன தேவாலயத்தின் பங்கு மடலுக்கு எழுதித் தரும்படி அங்குள்ள பாதர் கேட்டார். “நான் பிள்ளையார் கோயிலுக்குப் போற ஆள், பாதர்” என்றேன். “இருக்கட்டும், ஒவ்வொரு நாளும் அக்காவைக் கண்ட ஆள் நீங்கள்தானே” என்றார். அது உண்மை. ஒவ்வொரு நாளும் கண்ட அந்த ஆள் அவருக்கு என்ன செய்தான் என்பதையும் எழுதுவதாக இருந்தால்தான் எழுதுவேன் என்றேன். பாதர் ஒப்புக்கொண்டார்.

றெஜினா அக்கா முள்ளிவாய்க்காலில் பிறந்தவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, பிள்ளைகள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து வந்தபோது கையில் ஒரு சாக்குக் கருவாடுதான் இருந்ததாம். அதை நெளுக்குள வீதியோரத்தில் பரப்பி விற்றார். பிறகு ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பலகையில் ‘றெஜினா ஸ்ரோர்ஸ்’ என்று தன் கையாலேயே எழுதி மாட்டினார். எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்துக்குப் பலகையில் இடம் இல்லாமல் போயிருந்தது.

கேட்டதை எடுத்துத் தராத கடைக்காரர் அவர். என் மனைவி பருப்புக் கேட்டால், “உந்தப் பருப்பு வேகாது பிள்ளை. நான் நேற்றுச் சமைச்சுப் பாத்தனான். வியாழக்கிழமை புதுச் சாக்கு வரும், அப்ப வாங்கோ” என்பார். கருவாட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, “இது மழைக்குள்ளை காய்ஞ்சது, உங்களுக்கு வேண்டாம்” என்று தானே திரும்பப் போட்டுவிடுவார். இப்படி வியாபாரம் செய்தால் எப்படி உருப்படுவது என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

செத்தவர் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ எனக்குத் தெரியாது. அக்காவின் வாய் சும்மா இராது. “முந்தநாள்தானே சீனி வாங்கினனீங்கள்? வீட்டிலை ஆர் வந்து நிக்கினம்?” என்று நாலு பேருக்கு முன்னால் கேட்பார். பின்னால் ஆட்கள் காத்து நிற்க, முன்னால் நிற்பவரின் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார். அவசரத்துக்குப் போனவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கடையில் விற்காத ஒன்று இருந்தது. அந்த நாட்களில் இடம்பெயர்ந்து வந்தவர்களும், மலையகத்திலிருந்து முன்பே வந்து கூலி வேலை செய்தவர்களும் குளக்கட்டுக்கு அப்பால் கொட்டில் போட்டு இருந்தார்கள். வீதிக்குப் பெயர் இல்லை, கொட்டிலுக்கு இலக்கம் இல்லை. கடிதம் எந்த விலாசத்துக்கு வரும்? யாரோ ஒருவர் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அதுக்கென்ன, என்ரை கடையைப் போடுங்கோ” என்றார் அக்கா. அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்குள் கனடாவிலிருந்தும் குவைத்திலிருந்தும், எப்போதாவது போர் எல்லைக்கு அந்தப் பக்கம் முல்லைத்தீவிலிருந்தும், ‘மே/பா றெஜினா ஸ்ரோர்ஸ், நெளுக்குளம், வவுனியா’ என்று கடிதங்கள் வரத் தொடங்கின. மே/பா என்றால் மேற்பார்வை, இவரிடம் கொடுத்தால் உரியவருக்குப் போய்ச் சேரும் என்று அர்த்தம். கண்ணாடி மூடி போட்ட பிஸ்கற் ரின்னில் பிஸ்கற்றை எடுத்துவிட்டுக் கடிதங்களை வைத்தார்.

ஒருமுறை செல்வராசா என்று இரண்டு பேர் இருந்ததில் ஆள் மாறிவிட்டது. ஒருவருக்குத் தம்பி கனடாவிலிருந்து போட்ட கடிதத்தை மற்றவரான மேசன் செல்வராசாவிடம் கொடுத்துவிட்டார். தவறு தெரிந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் குளக்கட்டு நெடுக நடந்துபோய் அதை மீட்டு, உரியவரிடம் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். “தனக்குத் தம்பியே இல்லையெண்டு தெரிஞ்சும் மூண்டுதரம் வாசிச்சிருக்கிறான், பாவி! அவனுக்கும் ஒரு கடிதம் வரவேணுமெண்டு ஆசை இருக்காதே?” என்று சொல்லிச் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

இதில் எனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்லவேண்டும். கடிதத்தை உரியவர் கையில் கொடுக்க வேண்டியவன் நான். மாரிகாலத்தில் அந்தக் குளக்கட்டில் சைக்கிளை நாம்தான் சுமக்கவேண்டும். நான் கடிதக் கட்டை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவர் தரும் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பத்து வருடம் என் வேலையில் பாதியை அவர்தான் பார்த்தார். சம்பளம் நான் எடுத்தேன்.

போன வருடம் குருமன்காட்டுப் பக்கம் ஒரு சுப்பர் மார்க்கெட் திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, மின்விசிறி, கையில் கூடை. நாமே எடுத்துப் போடலாம். பருப்பைக் கல் இல்லாமல் பைக்கற்றில் கட்டி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட, ஏன் இவ்வளவு சீனி என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. நெளுக்குளத்துச் சனம் சைக்கிளில் அங்கே போய் வாங்கிக்கொண்டு, அக்காவின் கடை வரும்போது பெயர் அச்சடித்த பையை மற்றக் கைக்கு மாற்றும். சிலர் பையை உட்புறம் வெளியே வரத் திருப்பியே கொண்டு வந்தார்கள். நானும் அப்படித்தான் ஹாண்டிலில் கொழுவியிருந்தேன்.

“தம்பி, ஏன் பையைத் திருப்பி வைச்சிருக்கிறீங்கள்? அதிலை என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியும்” என்றார் அக்கா. நான் பல்லைக் காட்டினேன். அவர் கடிதக் கட்டை வாங்கிக்கொண்டு, வழமைபோலப் பிளேன்ரீ தந்தார்.

ஒரு நாள் பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு அவரே அந்த சுப்பர் மார்க்கெட்டைப் பார்க்கப் போனார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே பொறுப்பாக நின்றவரிடம், “தம்பி, இஞ்சை ஆக்களின்ரை கடிதம் வந்தால் வாங்கி வைப்பீங்களோ?” என்று கேட்டாராம். அவர் விளங்காமல் விழித்துவிட்டு, “இது கடை அம்மா” என்றாராம். “அந்தப் பெடியன் சொன்னது சரிதான்” என்றார் அக்கா என்னிடம். “அது கடை. நான்தான் கடையைக் கடையா நடத்தேல்லை.”

சாமான் குறையத் தொடங்கியது. முதலில் சவர்க்காரத் தட்டு வெறுமையானது, பிறகு மா, பிறகு கருவாட்டுப் பெட்டியும். ஆனாலும் ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்து, கூட்டித் தண்ணீர் தெளித்து, கதிரையில் உட்கார்ந்திருந்தார். வேறு இடத்தில் சமையல் வேலை கிடைத்தும் போகவில்லை. “நான் பூட்டினால் உந்தச் சனத்துக்கு விலாசம் இல்லை, தம்பி” என்பார். சனம் வந்தது. பையோடு வந்து, ரின்னைத் திறந்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு போனது.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் எதுவும் கேட்டது அந்த ஒரு தடவைதான். “தம்பி, நீங்கள் சொன்னால் கேப்பினம். கடிதம் எடுக்க வாற ஆக்களிட்டை, ஒரு சவர்க்காரமெண்டாலும் இஞ்சை வாங்கச் சொல்லுங்கோவன். நான் கொஞ்சம் இறக்கி வைக்கிறன்.”

“ஓம் அக்கா, சொல்லுறன்” என்றேன்.

சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகத்தன் ஒரு கடைக்காக ஆள் பிடிக்கலாமா என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அது பொய். கூச்சம், அவ்வளவுதான். மற்றவர்களை விடுங்கள், நானாவது ஒரு சவர்க்காரம் வாங்கினேனா? அவர் நம்பி இறக்கிய பெட்டி தட்டில் அப்படியே இருந்ததை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே பிளேன்ரீ குடித்தேன்.

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு கட்டடக்காரர் அறையைத் தொலைபேசிக் கடை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். மன்னாருக்குத் தங்கையிடம் போகிற அன்று, அக்கா கொப்பித் தாள்கள் சிலவற்றை மடித்து என்னிடம் தந்தார். கடிதம் வருகிற எல்லோருடைய பெயரும் இருந்தது. பக்கத்தில் வழியும் இருந்தது. ‘செல்வராசா (மேசன் இல்லை, மற்றவர்), துலாக் கிணத்துக்கு நேரே.’ ‘பார்வதி, இரட்டைப் பனைக்கு அங்காலை மூண்டாவது கொட்டில். வாசிக்கத் தெரியாது, வாசிச்சுக் காட்ட வேணும். நாய் கடிக்காது, குரைக்கும்.’

“இனி நீங்கள்தான், தம்பி” என்றார்.

நான் அந்தத் தாள்களை மேசை லாச்சிக்குள் போட்டேன். நாலைந்து பேர் விசாரித்துக்கொண்டு அஞ்சலகத்துக்கே வந்தார்கள். வராதவர்களின் கடிதங்களில் ‘விலாசதாரர் இல்லை’ என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்பினேன். அப்படி ஒரு கடை இல்லைதானே, சட்டப்படி சரி. ஏழு மாதம் சட்டப்படி நடந்தேன்.

தந்தி வந்த அதே வாரம் குவைத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிவப்பு மையைத் தேடியபோதுதான் உறையின் மூலையில் சின்னதாக எழுதியிருந்ததைக் கண்டேன். ‘கடைக்கார அம்மா, எங்க அம்மா உசிரோட இருந்தா இத குடுங்க.’ லாச்சியைத் திறந்து தாள்களை எடுத்தேன். இரட்டைப் பனை, மூன்றாவது கொட்டில். நாய் குரைத்தது.

“நீங்க யாருங்க?” என்றார் பார்வதி.

“தபால்காரன், அம்மா.”

பத்து வருடமாக அவருடைய கடிதங்களை நான் கொண்டுவந்திருக்கிறேன். அவர் என்னைக் கண்டதே இல்லை. தந்தி சொன்ன செய்தியை முதலில் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். சற்றுப் பொறுத்து, கடிதத்தை வாசிக்கச் சொன்னார். அக்காவின் தாளில் சொல்லியிருந்தபடியே வாசித்துக் காட்டினேன். தான் போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டதென்றும், அம்மா செத்திருப்பாள் என்று நினைத்து வேலை வீட்டுக் குசினிக்குள் ஒளித்திருந்து அழுததாகவும் மகள் எழுதியிருந்தாள்.

“ஏங்கய்யா திரும்பிப் போச்சு? நான் இங்கயேதானே இருக்கேன்?”

“நான்தான் அம்மா திருப்பி அனுப்பினனான்” என்றேன்.

அவர் ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “அந்த அம்மா இருந்திருந்தா குடுத்திருப்பாங்க” என்றார். என்னிடம் சொல்லவில்லை, நாயைப் பார்த்துச் சொன்னார்.

மகளுக்கு அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதினேன். கடைசியில், “உங்க வெலாசம் என்னங்கய்யா? அதயே போட்டுருங்க” என்றார். மே/பா என்று எழுதி, என் பெயரைப் போட்டேன்.

றெஜினா அக்கா, உங்கள் அடக்கத்துக்கு ஒரு பிடி மண் போட எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எந்த முகத்தோடு வந்து நின்றிருப்பேனோ தெரியாது. மன்னிப்புக் கேட்க இது இடமில்லை. இதை எழுதி முடிக்கும்போது தபால் பையில் குளக்கட்டுக்கு அப்பால் போகவேண்டிய கடிதங்கள் இன்னும் ஐந்து இருக்கின்றன. வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நான் போகவேண்டும், அக்கா. நீங்கள் ஆறுதலாகப் போய் வாங்கோ.