இருங்காட்டுக்கோட்டைச் சேற்றில் ஓர் ஒட்டகம்

அறுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை. காலை ஏழேகாலுக்குக் குன்றத்தூரில் பஸ் ஏறினேன். பூவிருந்தவல்லி வழியாகச் சுங்குவார்சத்திரத்துக்கு டிக்கெட் அறுபது காசு. இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. எட்டேகாலுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பஸ் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், அடேயப்பா, ஏரித் தண்ணீர் வழிந்த சேற்றில் ஓர் ஒட்டகம் விழுந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது!

ஊர் ஊராகப் பிள்ளைகளை அதன்மேல் ஏற்றிப் பிழைப்பவன் கிஷன், பாலைவனத்துப் பிகானீர்க்காரன். இருந்த ஒரே ஒட்டகம் அதுதான். நம் ஆட்கள் நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள். ஒருவர் மாட்டை எழுப்புவதுபோல் வாலை முறுக்கினார். அது அலறியது. பின்னங்கால்கள் இன்னும் அகன்றன. கிஷன் தலையில் அடித்துக்கொண்டு இந்தியில் கத்தினான்.

பிகானீர் பட்டாள அலுவலகத்தில் மூன்று வருஷம் எழுதிக் குப்பை கொட்டியவன் நான். அவன் கத்தியது எனக்குப் புரிந்தது. "வாலை விடுங்கய்யா! தொடை கிழிஞ்சா இனி எழுந்திருக்கவே எழுந்திருக்காதாம்!" என்றேன்.

குனிந்து அதன் பாதத்தைப் பார்த்தேன். அங்கே இதே பாதம் மணலில் அடைபோல் விரிந்து, புதையாமல் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். களிமண்ணில் ஊன்றக் குளம்பு இல்லை. மணற்காற்றுக்கு மூடிக்கொள்ளும் மூக்கு, இரட்டை வரிசை இமைமயிர். அந்த ஊரில் செடிகள்கூட ஈரம் போகாதிருக்க இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைக் குச்சியாக நிற்கும். வன்னி மரத்தின் வேர் நம் கிணற்றைவிட ஆழத்துக்கு இறங்கும். அப்படிப்பட்ட பூமி செய்து அனுப்பிய உயிர், நம்மூர் ஒரு ராத்திரி மழைக்குத் தோற்றுக் கிடந்தது.

பக்கத்து வயல்கார அலமேலு அதட்டினாள்: "இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? வண்டி சேத்துல மாட்டிக்கினா இன்னா செய்வோம்? வூட்டாண்ட வைக்கோலு கீது, அள்ளியாங்க!"

அறுப்பு வரை அவள் மாடுகளுக்கு இருந்த தீனி அது. முழங்கால் உயரம் பரப்பினோம். கிஷன் தலைப்பாகையை அவிழ்த்து, கால்கள் மேலும் அகலாதபடி சேர்த்துக் கட்டினான். ஒன்பதரைக்கு அது பின்னங்காலை ஊன்றி, மலை புரள்வதுபோல் எழுந்தது. கட்டை அவிழ்த்ததும் நேரே போய் அலமேலுவின் கருவேல முள்வேலியை வெள்ளரிப்பிஞ்சு மாதிரி கடித்தது.

"யம்மாடி! வாயில குத்தாதா சார்?" என்றார் டிரைவர்.

"அந்த ஊர்ல விருந்தே அதான்" என்றேன்.

கிஷன் பதறிக் கயிற்றை இழுத்தான். "வுடுய்யா, துன்னட்டும். வேலிய நாளைக்குப் போட்டுக்கிறேன்" என்றாள் அலமேலு. அதை இந்தியில் சொன்னேன். அவன் கயிற்றைத் தளர்த்தினான்.

பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். சேறான வைக்கோலைப் பிடிபிடியாக எடுத்து அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான் கிஷன். காலடியில் ஏரித் தண்ணீர் முழங்காலளவு ஓடுகிறது. அவனோ ஊர்ப் பழக்கத்தில் ஒரு சின்னச் செம்பில் மொண்டு, ஒரு சொட்டும் வீணாகாமல் ஊற்றிக்கொண்டிருந்தான்.