அவள் சொன்னாள்

தூத்துக்குடியில் பல வருடங்களாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வாசிப்பையே தொழிலாக்க நினைத்து வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரே விதிதான். எங்கே தவறினாலும் முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும்.

சினிமா ஒலிப்பதிவில் வாசிக்கும் ஆசையோடு வந்தவள் ஜெனிட்டா. சென்னையில் அதற்கான தேர்வு நெருங்கிய சமயம், ஒருநாள் பாதியில் வில்லை இறக்கி, "இடது கை மரத்துப்போவுது சார்," என்றாள்.

"அப்படித்தான் இருக்கும். முதல்ல இருந்து வாசி," என்றேன். பிறகும் இரண்டு முறை சொன்னாள். என் பதில் மாறவில்லை.

தேர்வுக்கு அவள் போகவேயில்லை. கை நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது, இனி வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இரவல் கொடுத்திருந்த வயலினைத் திருப்பித் தர அப்பாவோடு வந்தாள். அவர் கடலில் சங்கு குளிப்பவர்.

"வீட்டுல ஒண்ணும் சொல்லல. உங்ககிட்டயாவது சொன்னாளா சார்?" என்று கேட்டார்.

"இல்லையே," என்றேன். யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

அவர் மகளிடம் திரும்பினார். "கடலுக்கடியில காது வலிச்சா கயித்த இழுப்போம். படகுல இருக்கவன் உடனே தூக்கிருவான். நீ ஏன்ளா சாருட்ட சொல்லல?"

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். "தோணலப்பா," என்றாள்.

இப்போது யாராவது வலிக்கிறது என்றால் வகுப்பை உடனே நிறுத்திவிடுகிறேன். அவளுடைய அப்பாவை எப்போதாவது மீன் மார்க்கெட்டில் பார்ப்பேன். "அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க இப்படி ஆக விட்டிருக்க மாட்டீங்க சார்," என்பார்.

நானும் தலையாட்டுவேன்.